அம்மா கழற்றிய வீல் நட்டு

எனாமல் பெயிண்ட் டப்பாவின் மூடியைத் திருப்புளியால் நெம்பித் திறந்ததும் குப்பென்று மேலே வருமே ஒரு வாசனை, மூக்கில் ஏறி நெற்றிப்பொட்டில் போய் உட்கார்ந்துகொண்டு லேசாகக் கிறங்க வைக்கும் வாசனை, அதுதான் எனக்கு ஆயுத பூஜை. மற்ற வீடுகளில் பொரியும் கடலையும் பூசணிக்காயும் வந்து இறங்கும்போது எங்கள் வீட்டில் முதலில் வந்து இறங்குவது சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று சின்ன டப்பாக்கள். நைனா (ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசலில் நிற்கும் எங்கள் வேனின் சக்கரத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு வீல் நட்டுக்கும் வண்ணம் அடிப்பார். ஒரு நட்டுக்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள், அதற்கடுத்ததற்குப் பச்சை. மறுவருஷம் அதே நட்டுகளுக்கு நிறம் மாறும். நட்டின் ஆறு பக்கங்கள், நட்டு ஏறி உட்காரும் கம்பியான ஸ்டட்டின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை, அந்த முனையைச் சுற்றித் திருகு திருகாக ஓடும் மரை வரிகள், எதையும் விட மாட்டார். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லாத மனிதர், மிச்சமிருந்த மூன்று விரல்களால் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தாமல் அடிப்பதை வேடிக்கை பார்க்கத் தெருப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள்.

“என்னைக் கட்டிக்கினு வந்தப்போகூட இவ்ளோ மஞ்சள் பூசல” என்று அம்மா வருஷம் தவறாமல் சொல்வாள், நைனாவும் வருஷம் தவறாமல் அது காதில் விழாத மாதிரி அடுத்த நட்டுக்கு நகர்வார்.

அந்த வேன்மேல் அவருக்கு இருந்த பிரியத்துக்குக் காரணம் இருந்தது. கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் காலனியில் தாத்தா காலம்வரை எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், அடுத்தவர் மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றியவர்கள். கம்பெனிகள் வந்த பிறகு நைனா ஒரு இரும்பு உருட்டாலையில் சேர்ந்தார். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அங்கே மெஷினில் அவருடைய இரண்டு விரல்கள் போயின. அதற்குப் பிறகு ஆலைப் பக்கம் போக மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்தவர், டிரைவிங் கற்றுக்கொண்டு, கடலோரத்து எண்ணூரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய வேனை வாங்கிவந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் சொந்தமாக வைத்திருந்த முதல் சக்கரம் அதுதான். சைக்கிள்கூட அதற்கு முன்னால் எங்களிடம் கிடையாது.

வேன் காலையிலும் மாலையிலும் எங்கள் காலனியிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு சிப்காட்டில் இருந்த ஒரு போல்ட் நட் கம்பெனிக்குப் போய்வரும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி என் அம்மா. பேர் அம்சவேணி, நைனாவுக்கு அம்சா. அவள் வேலைக்குப் போகக் கிளம்பியபோது எனக்கு ஆறு வயது. நைனா ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். போல்ட்டுகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கும் பேக்கிங் வேலையில் மட்டும்தான் நிற்க வேண்டும், ஓடுகிற மெஷின் பக்கத்தில் போகவே கூடாது. வாய்ப் பேச்சாகச் சொன்னால் போதாது என்று என்னைக் கூப்பிட்டு நடுவில் நிற்க வைத்து, என் தலையில் அம்மாவின் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். வெங்காயம் அரிந்த கை. அந்த வாசனை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் தலை வெடித்துவிடும் என்று எங்கள் தெருவில் ஒரு சட்டம் இருந்தது. மீறியவர் தலை அல்ல, கை வைக்கப்பட்ட தலை. அதனால் எனக்கு ஒன்பது வயதில் ஒரு நாள் அம்மா என்னை மடியில் போட்டுப் பேன் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் புடவையிலிருந்து அட்டைப்பெட்டி வாசனைக்குப் பதிலாக மெஷின் எண்ணெய் வாசனை வருவதைக் கண்டுபிடித்து, ஏன் என்று கேட்டு, அவள் உண்மையைச் சொன்னதும், நான் இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

மரை உருட்டும் மெஷினில் நின்றவன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். ஒரு வாரம் ஆள் கிடைக்காமல் அம்மாவை நிற்கச் சொன்னார்களாம். ஒரு வாரம் கழித்து ஆள் வந்தும் அம்மாவே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். “வழவழன்னு ஒரு கம்பி உள்ள போவுது பாப்பா. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள மரையோட வெளிய வருது, கைல எடுத்தா சுடும். எனக்கு அது ரொம்பப் புடிச்சிருக்குது. நைனா கிட்ட சொல்லிடாத” என்றாள். அம்மா தனக்கு ஒன்று ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொல்லி நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. நைனாவுக்குப் பிடித்த குழம்பு, எனக்குப் பிடித்த ரிப்பன் என்றுதான் அவள் பேச்சில் வரும். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. தினமும் காலையில் தலை சீவும்போது மட்டும் எங்கேயாவது விரிசல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

இதில் வேடிக்கை, வேனில் போகிற மற்ற பதினொரு பெண்களுக்கும் விஷயம் தெரியும். பின்னால் உட்கார்ந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டு போவார்கள். டிரைவருக்கு மட்டும் தெரியாது.

இப்படி ஒரு வருஷம் ஓடிய பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் திங்கட்கிழமை வேனுக்கு எஃப்.சி. வண்டியை அதிகாரி முன்னால் நிறுத்தி, பிரேக், டயர், விளக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லையென்றால் செவ்வாய்க்கிழமையிலிருந்து வேனுக்கு கேட் பாஸ் கிடையாது என்று கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஓட்டத்தைப் பிடிக்க இன்னொருவர் வேனோடு காத்துக்கொண்டிருந்தது நைனாவுக்குத் தெரியும். கேட் பாஸ் போனால் வேன் போகும், வேன் போனால் அவர் மறுபடி ஏதாவது ஒரு ஆலையில் போய் நிற்க வேண்டும். அந்த மூன்று விரல் கையோடு. ஒரு வாரமாக அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

எல்லாம் தயாராக இருந்தது, ஒன்றைத் தவிர. பின்பக்க இடது சக்கரத்தில் பிரேக் போட்டால் கரகரவென்று சத்தம் வந்தது. உள்ளே இருக்கும் பிரேக் லைனிங் தேய்ந்துபோயிருந்தது. புது லைனிங் வாங்கி வைத்துவிட்டார். மாற்றுகிற வேலையும் அவருக்குத் தெரியும். சக்கரத்தைக் கழற்றினால் போதும். ஆனால் அந்தச் சக்கரம் வேனை வாங்கிய நாளிலிருந்து கழற்றப்படவே இல்லை. பஞ்சராகிற அளவுக்கு அதற்குத் துரதிர்ஷ்டம் வரவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

‘நாஷ்டா’ முடித்ததும் வேலையைத் தொடங்கினார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டு, பிறகுதான் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்க வேண்டும். முதல் நட்டு கிரீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. இரண்டாவது அதைவிட மோசமாகக் கத்திக்கொண்டு வந்தது. மூன்றாவது அசையவில்லை. பக்கத்து வீட்டு டேவிட் மாமா உதவிக்கு வந்தார். தகர ஷீட் கம்பெனியில் வேலை செய்பவர், தொண்ணூறு கிலோ இருப்பார். அவர் வந்ததும் ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு நீளமான தண்ணீர்ப் பைப்பைச் செருகி, அதன் நுனியில் ஏறி நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு குதித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். நட்டு தனியாக வந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். குனிந்து எடுத்துப் பார்த்தால் நட்டுக்குள்ளேயே ஒடிந்த ஸ்டட்டின் பாதி இருந்தது.

டேவிட் மாமா ஸ்டட்டைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், “அது ஏற்கெனவே வீக்கா இருந்திருக்கும்பா” என்றார். நைனா ஸ்பேனரை நான்காவது நட்டில் மாட்டினார். கோபத்தில் அது சரியாக உட்காரவில்லை. ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு போய் நட்டின் முனைகளை மழுங்கடித்துவிட்டது. ஆறு பக்கமாக இருந்த நட்டு கிட்டத்தட்ட உருண்டையாகிவிட்டது. இனி அதை ஸ்பேனர் பிடிக்காது. தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் காஸ் வெல்டிங் வைத்து அறுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையில் வெல்டிங் பட்டறை எங்கே திறந்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. “பேஜாரு பண்ணாதீங்கய்யா” என்று நைனா கையெடுத்துக் கும்பிட்டார்.

அம்மா இவ்வளவு நேரமும் வாசற்படியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். டேவிட் மாமா ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் அவள் தோள் ஒரு தடவை குலுங்கும், வாய் எதையோ சொல்லத் திறக்கும், மூடிக்கொள்ளும். அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், எனக்கு அது நன்றாகப் புரிந்தது. செய்தால் எப்படித் தெரியும் என்று நைனா கேட்பார் என்பதும் புரிந்தது. கேட்டால் அவளுடைய மெஷின் வேலை போய்விடும். நான் மட்டும் அப்போது அவளுடைய இடத்தில் இருந்திருந்தால் நெத்திலியையே ஆய்ந்துகொண்டிருந்திருப்பேன்.

டேவிட் மாமா ஐந்தாவது நட்டில் பைப்பை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறிக் குதித்தார், நட்டு அசையவில்லை. அம்மா முறத்தை நகர்த்தி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“டேவிட் அண்ணா, கொஞ்சம் எறங்குங்க.”

“உனுக்கு இன்னா தெரியும் இதுல, உள்ள போ” என்றார் நைனா.

“ஒடைஞ்சது ஒண்ணு போதும்யா. நவுரு.”

அதட்டலாகச் சொல்லவில்லை. குழந்தை கையிலிருந்து கத்திரிக்கோலை வாங்குகிற மாதிரிதான் சொன்னாள். நைனா நகர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அம்மா செய்த வேலையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்லி அலுக்கவில்லை. அவள் ஸ்பேனரைத் தொடவே இல்லை. சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, முகத்தை நட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் உடைந்த ஆக்சா பிளேடு ஒன்றைக் கேட்டு வாங்கி, நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஸ்டட் முனையின் மரை வரிகளுக்குள் அதன் கூர்முனையை விட்டுச் சுரண்ட ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து பெயிண்ட் சுருள் சுருளாக உதிர்ந்தது. மேலே பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே சிவப்பு, மறுபடி பச்சை. ஒவ்வொரு ஆயுத பூஜையும் ஒரு படலமாக அங்கே காய்ந்து கிடந்தது. நைனா ஆசை ஆசையாக அடித்த பெயிண்ட் வருஷத்துக்கு வருஷம் மரைக்குள் இறங்கி, நட்டையும் ஸ்டட்டையும் ஒன்றாக ஒட்ட வைத்திருந்தது. நட்டு வெளியே வர வேண்டிய வழியெல்லாம் பெயிண்ட் அடைத்துக்கொண்டிருந்தால் அது எப்படி வரும். முறுக்க முறுக்க இன்னும் இறுகத்தான் செய்யும், கடைசியில் ஸ்டட்தான் ஒடியும்.

நைனாவுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. “ஏன் இப்டிப் புடிச்சிக்கினு கீது அது?” என்று அவர் கேட்டார். தெருவே பதிலுக்குக் காத்திருந்தது. அம்மா கீழே உதிர்ந்த வண்ணச் சுருள்களையெல்லாம் ஒரு கையால் அள்ளி முந்தானையில் போட்டு முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எண்ணூர்ல ஓடுன வண்டி இல்ல? உப்புக் காத்துதான்” என்றாள்.

“அதான பாத்தேன்” என்றார் டேவிட் மாமா. தெரு மொத்தமும் உப்புக் காற்றைத் திட்ட ஆரம்பித்தது. அம்மா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். எனக்குப் பாதுகாக்க வேண்டிய ரகசியம் இரண்டாகிவிட்டது.

சுரண்டி முடித்ததும் ரேஷன் ‘கிருஷ்ணாயில்’ கொஞ்சம் எடுத்து மரையில் சொட்டுச் சொட்டாக விட்டாள். விட்டுவிட்டு எழுந்துபோய் நெத்திலியை ஆய்ந்து முடித்துக் குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்துவிட்டு வந்தாள். அந்த நேரத்தில் எண்ணெய் உள்ளே இறங்க வேண்டுமாம். யாராவது ஸ்பேனர் பக்கம் கையைக் கொண்டுபோனால் உள்ளிருந்தே ஒரு குரல் வரும். திரும்பி வந்து சின்னச் சுத்தியலால் நட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் சுற்றிச் சுற்றித் தட்டினாள். ஓங்கி அடிக்கவில்லை. பிறகு ஸ்பேனரை மாட்டி, எல்லாரும் ஆச்சரியப்படும்படி, கழற்றுகிற பக்கம் திருப்பாமல் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்பினாள். டிக்கென்று ஒரு சத்தம். “ஒட்டு உட்டுடுச்சு” என்றாள். அதற்கப்புறம் கழற்றுகிற பக்கம் கால் சுற்று, மறுபடி இறுக்குகிற பக்கம் அரைக்கால் சுற்று, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி கால் சுற்று. தொண்ணூறு கிலோ குதித்தும் வராத நட்டு, நாற்பத்தைந்து கிலோ அம்மாவின் கையில் பேசாமல் வந்தது. ஆறாவதும் அதே வழியில் வந்தது.

மழுங்கிப்போன நான்காவது நட்டுக்கு நைனாவின் பெட்டியிலிருந்து நட்டின் மேல் தொப்பி மாதிரி கவியும் சாக்கெட்டில் ஒரு அளவு சின்னதை எடுத்தாள். அது ஏறாது என்று சொல்ல வாயெடுத்தவர்கள் முன்னாலேயே அதை நட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றினாள். ஏறின பிறகு அது நட்டைக் கவ்விக்கொண்டு விடவில்லை. அதுவும் வந்தது. ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார்கள், சக்கரம் இறங்கியது, அதன் பின்னாலிருந்த பிரேக் டிரம்மும் வந்தது. ஒடிந்த ஸ்டட்டின் மிச்சத்தை முன்னாலிருந்து ஓங்கி இரண்டு அடி அடித்ததும் அது பின்பக்கமாகக் கீழே விழுந்தது. அந்த வேலையை மட்டும் நைனா செய்தார். அவர் முகத்தில் ரத்தம் திரும்ப வந்திருந்தது. இனி ஒரு புது ஸ்டட்டும், கெட்டுப்போனவற்றுக்குப் பதில் இரண்டு நட்டும் வேண்டும்.

டேவிட் மாமா தான் ஒடித்ததைத் தானே சரிசெய்வதாகச் சொல்லி ஸ்கூட்டரில் கும்மிடிப்பூண்டிக்குப் போய், பூட்டின கடைக்கு மேலேயே குடியிருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரை எழுப்பி, நட்டுகளையும், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு ஸ்டட்டுகளையும் வாங்கிவந்தார். பார்த்தால் ஸ்டட் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். அதே தடிமன், அதே நீளம், அதே தலை. நைனா ஒன்றை எடுத்துத் துளையில் வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

“அது வாணாம். இன்னொண்ணு” என்றாள் அம்மா.

“ரெண்டும் ஒண்ணுதான் அம்சா. நேரம் ஆவுது.”

அம்மா பேசாமல் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் தப்பான ஸ்டட் உள்ளே போயிருக்கும், நட்டு பாதியில் இறுகியிருக்கும், மறுநாள் அந்தச் சக்கரத்தோடு அவர் வேனை ஓட்டிக்கொண்டு போயிருப்பார். அவள் அவர் கையிலிருந்து ஸ்டட்டை வாங்கி, மரையின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். அடுத்ததையும் அப்படியே இழுத்துப் பார்த்தாள்.

“இது ஒண்ணே கால் பிட்ச். நம்ம நட்டு ஒண்ணரை” என்றாள். “மூணு சுத்து ஏறும், அப்பறம் மரையத் தின்னுடும்.”

மரைக்கும் மரைக்கும் நடுவில் இருக்கிற தூரம் அது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கால் மில்லிமீட்டர் வித்தியாசம். பெட்டியில் போல்ட்டை எண்ணிப் போடுகிறவளுக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் சுடச்சுட மரைகளைக் கையில் எடுத்து, நகத்தால் இழுத்துப் பார்த்துப் பழகினவளுக்குத்தான் தெரியும். பல வருஷம் ஆலையில் இருந்த நைனாவுக்கு அது புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பழைய நட்டு ஒன்றை எடுத்து இரண்டு ஸ்டட்டிலும் கையாலேயே திருகிப் பார்த்தார். ஒன்றில் மூன்று சுற்றில் நின்றது. இன்னொன்றில் அடிவரை வழுக்கிக்கொண்டு போனது. அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். கூட்டம் மெதுவாகக் கலைந்தது. டேவிட் மாமாகூட ஸ்கூட்டரை நிழலில் விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

“எத்தினி நாளா?”

“ஒரு வருஷமாவுது” என்றாள் அம்மா.

நான் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது நிஜமாகவே பயத்தில் காது அடைத்துப்போயிருந்தது. நைனா சரியான ஸ்டட்டை எடுத்துப் பின்பக்கமாகத் துளையில் நுழைத்துப் பிடித்துக்கொண்டார். அம்மா முன்பக்கம் நாலைந்து வாஷர்களைப் போட்டு, நட்டைத் தலைகீழாக மாட்டி, ஸ்பேனரால் மெல்ல மெல்ல முறுக்கினாள். ஸ்டட் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுபட்டு வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. நைனா புது லைனிங்கை மாட்டினார். மரையிலிருந்த எண்ணெயை அம்மா துணியால் சுத்தமாகத் துடைத்தாள். எண்ணெயோடு இறுக்கினால் அளவுக்கு மேல் இறுகிவிடும் என்று அவள் சொல்லவில்லை, ஆனால் துடைத்தாள், அவரும் ஏன் என்று கேட்கவில்லை. சக்கரத்தை ஏற்றி, ஒரு நட்டு, அதற்கு நேர் எதிரே இன்னொரு நட்டு என்று மாற்றி மாற்றி இறுக்கினார்கள். ஒருவர் கையை நீட்டினால் மற்றவர் சரியான சாமானை எடுத்து வைத்தார்கள். எனக்குத் தெரிந்து என் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து செய்த வேலைகளிலேயே அவ்வளவு அழகான வேலை வேறு கிடையாது.

அன்றைக்கு நெத்திலிக் குழம்பை மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். திங்கட்கிழமை நைனா வேனை எடுத்துக்கொண்டு எஃப்.சி.க்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்து, “ஆச்சு” என்றார். அம்மா “உம்” என்றாள். அம்மா அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். காலையில் துவைத்துக் காயப்போட்ட தன் வேலைப் புடவையைச் சாயங்காலம் மடித்து, அலமாரியின் அடியில் வைத்தாள். தினமும் கொடியிலிருந்துதான் அவள் அதை எடுத்துக் கட்டுவாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நைனா வேனைக் கிளப்பிக்கொண்டு, வீட்டுக்குள் பார்த்து ஹாரன் அடித்தார். அம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். “லேட்டாவுது, வா” என்றார். அவள் உள்ளே ஓடிப்போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து ஏறினாள். கம்பெனியைத் தாண்டித்தான் என் பள்ளிக்கூடம் என்பதால் நானும் அந்த வேனில்தான் போவேன். அன்றைக்குப் பின்சீட்டில் ஒரு பேச்சுக்கூட இல்லை, பதினொரு பேரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேக்கிங் கட்டடத்து வாசலில் வேன் நின்றது, பெண்கள் இறங்கினார்கள். மெஷின் ஷெட் அங்கே இல்லை. அது அடுத்த ரோட்டில், கழிவுக்கால்வாயைத் தாண்டி இருந்தது. அம்மா ஒரு வருஷமாகப் பேக்கிங் வாசலில் எல்லாரோடும் இறங்கி, வேன் கண்ணுக்கு மறைகிறவரை உள்ளே நின்றுவிட்டு, பிறகு அந்தக் கால்வாய்க் கரையில் பத்து நிமிஷம் நடந்து போய்க்கொண்டிருந்தாள். அன்றைக்கும் எழுந்தாள்.

“நீ உக்காரு” என்றார் நைனா.

வேனைத் திருப்பி அடுத்த ரோட்டுக்குள் விட்டார். வழி கேட்கவில்லை. திங்கட்கிழமையே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எனக்குப் பின்னால்தான் உறைத்தது. மெஷின் ஷெட் வாசலுக்கு நேராக, இரண்டடி தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மெஷின் கிட்ட கையுற போட்டுக்கினு நிக்காத. எவன் போடச் சொன்னாலும் போடாத. கையுறையத்தான் அது மொதல்ல இழுக்கும்.”

அவர் விரல்கள் எப்படிப் போயின என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“போட மாட்டேன்யா” என்றாள் அம்மா. அவள் கை தானாக என் தலையை நோக்கி வந்தது. நைனா திரும்பி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “அவ தலைய உடு. நீ பாத்து நின்னா போதும்” என்றார்.

அம்மா இறங்கிப் போனாள். அவள் உள்ளே போகிறவரை வேன் நகரவில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, வாசலில் முட்டி போட வைத்தார்கள். அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

இன்றைக்கு அந்த வேன் இல்லை. காயலான் கடைக்குப் போய்ப் பல வருஷமாகிவிட்டது. மெஷின் ஷெட் இருந்த இடத்தில் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்கள் அடுக்கிக் கிடக்கின்றன. கால்வாய்க் கரையில் நடக்க முடியாதபடி வேலி போட்டுவிட்டார்கள். நான் செவ்வாப்பேட்டையில் குடியிருக்கிறேன். என் காருக்குப் பஞ்சர் என்றால் கடைப் பையன் காற்றுத் துப்பாக்கியை வைத்து நான்கைந்து விநாடியில் எல்லா நட்டையும் கழற்றிவிடுகிறான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நைனாவும் இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அந்தச் சக்கரத்தை உப்புக் காற்றுதான் பிடித்துக்கொண்டது என்று நம்பினாரா, இல்லை தெரிந்தும் அம்மாவுக்காக நம்பினாரா என்று நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு வந்த ஆயுத பூஜைகளில் அவர் நட்டுகளை விட்டுவிட்டுச் சக்கரத்தின் விளிம்புக்கு மட்டும் வண்ணம் அடித்தார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா என்னோடு இருக்கிறாள். மெஷின் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது, டி.வி.யை அலற விடுகிறாள். அந்த ஷெட்டில் இருபத்தோரு வருஷம் நின்றாள். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த அன்றைக்கு நைனா வாசலிலேயே அவளை நிறுத்தி, இரண்டு கையையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பத்து விரலும் இருந்தன.